யாருடைய கையெழுத்து?

திண்டுக்கல் மருத்துவமனையில் கண்ணுசாமி இருக்கையில் அமரவே மறுத்தார். பக்கத்தில் மனைவி மணிமேகலை அமர்ந்திருந்தாள்.

"சிறுநீர்ப்பையை எடுக்கச் சம்மதிக்க மாட்டேன், டாக்டர்! வயித்துல வெளிய மூத்திரப் பையை மாட்டிக்கிட்டு, நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுல எப்புடி நடமாடுறது? சூடில்லாத பிளாஸ்மான்னு ஏதோ புது சிகிச்சை புற்றுநோயைக் கொல்லுதாமே, அது வரட்டும்!"

"அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, ஐயா. காத்திருந்தால் நோய் பரவிவிடும்."

"பரவட்டும்! மானத்தைவிட உசுரு பெருசில்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மானம் என்னும் விலங்கு எத்தனை உயிர்களைப் பூட்டி வைத்திருக்கிறது!

மணிமேகலை வாய் திறந்தாள். "இவரு போடாட்டி ஆபரேசன் நடக்காதா?"

"இவர் எதற்கு, அம்மா? நோய் உங்களுக்கு. உங்கள் கையெழுத்தே போதும்."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது தெரியாமத்தான், மூணு வாரமா இந்த மனுசன் கால்ல விழுந்துக்கிட்டு இருந்தேனா?"