கன்னிக்குப் படைத்த சப்பாத்து

"விளக்கு முன்னால சப்பாத்தா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா வள்ளி?"

தனலெட்சுமி போட்ட சத்தத்தில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்துகொண்டன.

பின்கட்டில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்த கன்னையா, அக்காளின் சத்தம் கேட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தார். அவர் மகள் ரமணி போய் இன்றோடு ஒரு வருஷம். பதினாறு வயது.

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண் அவர்கள் குடும்பத்துக்குக் கன்னித் தெய்வம். வருஷா வருஷம் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்துப் படைக்க வேண்டும். படைத்ததைக் குடும்பத்தில் இருக்கும் இன்னொரு கன்னிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

தட்டில் பாவாடையும் இல்லை, வளையலும் இல்லை. அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து, புத்தம் புதிதாய் ஒரு ஜோடி. மேலே ஒரு முழம் மல்லிகை.

கன்னையாவுக்கே திக்கென்றது. மனைவி வள்ளியம்மா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கற்பூரமும் காட்டி முடித்திருந்தாள்.

"எடுத்து வெளியில கடாசு," என்றாள் தனலெட்சுமி. "இவங்க வீட்டு சாமிக்கு செருப்பு வைப்பாங்களாம்னு செந்தூலே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி." வள்ளியம்மா கையைக் கட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் நின்றாள். "பாவாடைன்னாலே என் பிள்ளைக்கு மூஞ்சி கோணும். செத்த பிறகு எதுக்கு அவளுக்குப் பிடிக்காததை வைக்கணும்?"

நாற்காலியில் இருந்த தனலெட்சுமியின் கணவர் இராமலிங்கம் தொண்டையைச் செருமினார். கோயில் கமிட்டிச் செயலாளர். முறை, சாஸ்திரம் என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஓடி ஓடித்தானே உடம்பைக் கெடுத்துக்கிட்டா. அதையே கொண்டாந்து வைக்கிறீங்க. இதுக்குத்தான் அன்னைக்கே சீதாவோட ஓட்டத்தை நான் நிறுத்தினேன்."

மூலையில் நின்ற அவருடைய பதினான்கு வயது மகள் சீதாலெட்சுமி தரையைப் பார்த்தாள். போன வருஷம் வரை ரமணியின் முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளிப் பாடாங்குத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடியவள்.

பட்டறையில் சம்மட்டி பிடிக்கிற மனுஷன்தான் கன்னையா. ஆனால் இருபது வருஷமாக மச்சான் எதிரில் அவர் குரல் எழும்பியதில்லை.

இன்று அந்தச் சப்பாத்து அவரை என்னவோ செய்தது. எண்பத்து மூன்றில், வட்டாரப் போட்டி அன்று, ரமணி வெறுங்காலோடு நின்றுகொண்டு அவரை விரட்டினாள். 'ஓரத்துல நிக்காதீங்கப்பா, திரும்பிப் பார்ப்பேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. உங்களைப் பார்த்துக்கிட்டே வந்துடுறேன்.'

நானூறு மீட்டர். சொன்னபடி முதலாவதாக வந்தாள். நிற்கத் தெரியாமல் அவர் வயிற்றில் முட்டித்தான் நின்றாள். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எங்கோ போனது.

"மச்சான்," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என் பிள்ளை டெங்கிக் காய்ச்சல்ல செத்தா. கொசு கடிச்சு. ஓடினதால சாகல. என் வீட்டுல இனிமே யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. அவ ஓடினவ. அப்படித்தான் அவளை நினைப்போம். அந்தத் தட்டுல யாரும் கை வைக்க வேணாம்."

வள்ளியம்மா கட்டியிருந்த கையை மெல்ல இறக்கினாள்.

தனலெட்சுமி மட்டும் விடுவதாயில்லை. "பார்த்தீங்களா, தம்பிக்கு வாய் முளைச்சிடுச்சு. படைச்சா என்ன? நான் இப்பவே கொண்டுபோய்க் குப்பையில போடுறேன்." தட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய், நில்லு." இராமலிங்கம் பதறி எழுந்தார். "கற்பூரம் காட்டியாச்சு, இனி அது கன்னியோடது. குப்பையில போட்டா குடும்பத்துக்கு ஆகாது. வீட்டுக் கன்னிப்பொண்ணுதான் அதைப் போடணும்."

"எந்த வீட்டுக் கன்னிப்பொண்ணு?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

இராமலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே பெண்பிள்ளை மூலையில் நின்றது.

"சரி லா," என்றார் ஒருவழியாக. "சாஸ்திரத்துக்கு ஒரு நாள் மாட்டிட்டுக் கழட்டட்டும்."

"அது எப்படிண்ணே?" என்றாள் வள்ளியம்மா. "சேலை கொடுத்தா கட்டுறோம். வளையல் கொடுத்தா போடுறோம். ஓடுறதுக்குக் கொடுத்ததை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா கன்னி கேட்க மாட்டாளா?"

கமிட்டிச் செயலாளர் பூசியிருந்த விபூதியின் மேலேயே இன்னொரு முறை பூசிக்கொண்டார்.

"கிழியிற வரைக்கும் ஓடட்டும்," என்று முனகினார். "ஸ்கூல் பாடாங்குல மட்டும்."

சீதா சப்பாத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் வாசலில் குந்தி அதைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கன்னையாவுக்கு அக்காள் மேலிருந்த ஆத்திரம் ஆறவில்லை. மச்சானாவது வாயால் சொன்னார். செத்த பிள்ளைக்குப் படைத்ததைக் குப்பையில் போடப் போனாளே, அவள் ஒரு அத்தையா? இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று அடுப்படிக்குப் போனார்.

தனலெட்சுமி அங்கே தனியாக நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் வாயெடுப்பதற்குள், கொண்டுவந்த கூடைக்குள் கையை விட்டு ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"இந்தச் சப்பாத்துப் பெட்டியை எங்கயாவது தூரமாப் போட்டுடு தம்பி. வாங்கினது நான்னு உன் மச்சானுக்குத் தெரிஞ்சா, பிள்ளையை மறுபடியும் வீட்டுல உட்கார வச்சிடுவாரு."