மீத்தேன் வந்த மத்தியானம்

சிலிண்டரின் வால்வை டின்டு திறந்தாள்.

கொச்சியிலிருந்து மீத்தேன் வாயு வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்தால் மகாராஜாவே ஆனாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஏலக்காயில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வண்டன்மேட்டு ஆய்வகம் அது. இன்று அவள் முன்னால் ஏலக்காய் இல்லை. மருந்து ட்ரம்மின் அடியில் கிடந்த மண்டி ஒரு குப்பியில் இருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு, அடைத்துக்கொண்ட ஸ்பிரேயர் குழாயை, எல்லோரும் செய்வதுபோல, வாய் வைத்து உறிஞ்சினான் அவள் அண்ணன் சூசையப்பன். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

என்ன மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. பூச்சி மசியவில்லை என்றால் கடைக்காரர் கொடுக்கும் நாலைந்தையும் ஒரே ட்ரம்மில் கலக்கிவிடுவது எஸ்டேட் வழக்கம். காலிப் பாட்டில்களை அன்றே குழியில் போட்டு எரித்துவிடுவார்கள்.

மருந்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் மீத்தேன் இல்லாமலும் ஓடும். ஆனால் மருந்தை அப்பளமாக நொறுக்கிவிடும். நாலைந்தும் கலந்த நொறுங்கலில் எது எதனுடையது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மீத்தேன் உள்ளே இருந்தால் அடி இதமாக விழும். மருந்து உடையாமல் நின்று தன் பெயரைச் சொல்லும்.

பழைய வகை மருந்தாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டாள். அதற்கு ஆஸ்பத்திரியில் முறிவு மருந்து உண்டு.

திரையில் மற்றக் கோடுகளையெல்லாம் தாண்டி ஒரு கோடு உச்சிக்குப் போய் நின்றது.

பழைய வகை அல்ல.

அந்த மருந்தைப் பற்றிய மருத்துவக் குறிப்பைத் தேடிப் பிடித்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். இத்தனை படித்து, இத்தனை பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அழுகை முட்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் மனைவி புஷ்பமேரி போனில் கூப்பிட்டாள்.

"டின்டு, ஒங்கண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவணுமாம். மிஷினு என்ன சொல்லுது?"

முதல் சில நாள் ஆள் தெளிவாகவே இருப்பார், கஞ்சி குடிப்பார், சிரிப்பார் என்றுதான் அந்தக் குறிப்பில் எழுதியிருந்தது. அதற்கப்புறம் காய்ச்சல் வரும், வந்தால் பிழைப்பது அரிது. முறிவு மருந்து கிடையாது.

டின்டு திரையை அணைத்தாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணாம் மதினி. பங்குச் சாமியார இன்னைக்கே அங்க வரச் சொல்லுங்க."