ஒட்டிய ஓடு

மணல்காட்டில் ஒரு கருவண்டு இருந்தது. அதன் முதுகை மூடிய ஓடுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, உள்ளே இறக்கை கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம், "பறக்க மனசில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லி வந்தது.

ஒரு உச்சி வெயிலில், இறக்கை கிழிந்த பொன்வண்டு ஒன்று அதன் முன்னே விழுந்தது. வயிறு விம்மி விம்மி மூச்சு வாங்கியது.

"மூச்சு விட விட உடம்பு ஈரமெல்லாம் வத்துதுண்ணே. வாகை மரத்துல என் தங்கச்சி இருக்கா. பறந்துபோய் ஈர இலையோட வரச் சொல்லுங்க."

"வெயில் தாழட்டும்" என்றது கருவண்டு.

நேரம் போனது. "உங்களுக்கு மட்டும் மூச்சே வாங்கலையே?" என்றது பொன்வண்டு.

"ஓடு மூடியே இருக்கும். எப்பவாவது பின்பக்கமா ஒரு மூச்சு விடுவேன், ஈரம் உள்ளேயே தங்கிடும்." கருவண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டது. "அது திறக்கவே திறக்காது தம்பி. எனக்கு இறக்கையே இல்லை."

"முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் நடந்தே போயிருப்பீங்களே."

கருவண்டு ஓட்டமும் நடையுமாகப் போனது. மரத்தை எட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சேதி கேட்டதும் தங்கச்சி இலையைக் கவ்விக்கொண்டு பறந்தாள்.

கருவண்டு திரும்பி வந்தபோது, மூச்சு அடங்கிய அண்ணன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்களுக்காக இவ்வளவு தூரம் நடந்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டாள்.

கருவண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மணலைத் தோண்டத் தொடங்கியது.