சோதனையில் தோற்றவன்

"நம்ம கொலராடோவுல கஞ்சா குற்றமே இல்லையே, பிரெண்டா!"

"அது வெளியில, டாரல். நம்ம கிடங்குல சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியால விபத்துன்னா, சம்பந்தப்பட்ட ரெண்டு பேருக்கும் சிறுநீர்ச் சோதனை உண்டு. உன்னோடதுல கஞ்சா இருக்கு. வேலை போச்சு." கம்பெனி மேலாளர் பிரெண்டா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"போன வாரம் தங்கச்சி கல்யாணத்துல ஒரே ஒரு கஞ்சா மிட்டாய் தின்னேன். விபத்தன்னைக்கு நான் தெளிவா இருந்தேன்!"

"அது உடம்புல வாரக்கணக்கா தங்கும். நான் என்ன பண்றது?"

"அந்த இன்னொருத்தன் வெர்ன், அன்னைக்கு விடியவிடிய விஸ்கி குடிச்சிட்டு, கண்ணு சொக்கத்தானே வேலைக்கு வந்தான்?"

"சோதனை எடுக்குறதுக்குள்ள போதை இறங்கிடுச்சே! அவன் சுத்தம்னு வந்திருக்கு. நாளைக்கே வேலைக்கு வர்றான்."

"ரொம்ப நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"கத்தாதே. ரெண்டு நாள்ல வந்து உன் லாக்கரைக் காலி பண்ணிடு."

"நடந்தா வரணும்?"

டாரல் ஆஸ்பத்திரிப் போர்வையை விலக்கினான். வெர்ன் ஓட்டிய ஃபோர்க்லிஃப்ட் ஏறியிறங்கிய அவன் வலது கால், முழங்காலோடு முடிந்திருந்தது.