அக்கா பேசும் படம்

அக்கா யாரோ ஒருத்தனைப் பார்த்து "பிராணநாதா" என்கிறாள்.

சினிமாக் கூடாரமே வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. திரையிலிருந்து சத்தம் வருகிறதாம். பெண்கள் பக்கம், மணலில், முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அதில் ஓர் அதிசயமும் இல்லை. நாலு வயதில் வந்த காய்ச்சலோடு போன காது. சத்தம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அவள் பார்ப்பது அக்காவின் உதட்டை.

"தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்கிறது உதடு.

சே, இது அக்காவே இல்லை.

பக்கத்து வீட்டுக் கோமளம்தான் காலையில் ஓடி வந்து, வாயை அகல அகலத் திறந்து சொன்னாள். "உங்கக்கா பேசறாளாம்டி!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக என்ன செய்தாளாம்?

ஒரே பாயில் படுத்து, குரல் எழுப்பாமல் உதட்டாலேயே பேசி வளர்ந்தவர்கள் இருவரும். அப்பா காதில் விழக் கூடாதது எல்லாம் அப்படித்தான் பேசப்பட்டது. சினிமாவுக்குப் போகிறேன் என்பதையும் அக்கா அப்படித்தான் சொன்னாள். போன பிறகு வீட்டில் குஞ்சரம் என்ற பேரையே யாரும் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. இருவருக்கும் எழுத்து தெரியாது. யாரையாவது பிடித்துக் கடிதம் போட்டாலும் அது அப்பா கையில்தான் போய்ச் சேரும்.

அதனால் அக்கா படத்தில் பேசினாள்.

ஊமைப் படம்தானே. உதடு அசைந்தால் போதும், என்ன சொல்கிறாள் என்று யார் கேட்டார்கள்? கதைக்கு வேண்டிய வசனத்தை எல்லாம் திரைக்குப் பக்கத்தில் கோலும் கையுமாக நிற்கிற ஆள் தொண்டை கிழியச் சொல்லிவிடுவார். எப்படியும் படம் ஊருக்கு வரும், எப்படியும் தங்கை பார்ப்பாள். அக்காவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் படத்தில் அவள் ராணிக்குப் பின்னால் நிற்கிற தோழிகளில் ஒருத்தி. தட்டை ஏந்திக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள்.

"சாப்ட்டியாடி?"

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். மூன்று நாளும் அக்கா அதையே கேட்டாள். மூன்று நாளும் இவள் தலையாட்டினாள்.

அப்புறம் அக்கா ராணியானாள். விளம்பரத் தாளில் மிஸ் மோகனா என்று போட்டார்கள். காட்டில் விடப்பட்டு அவள் கதறிய இடத்தில் கூடாரமே விம்மியது. இவள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். தெய்வத்தை நோக்கிக் கைகூப்பி அக்கா சொன்னது இதுதான்: "வேடனா வர்ற தடியன் என் காலை மிதிச்சுக்கிட்டே நிக்கறான்டி."

அழுகிற இடத்தில் சிரித்ததற்கு யாரோ தொடையில் கிள்ளினார்கள். வலித்தது. இருந்தாலும் சிரிப்பு நிற்கவில்லை.

சிறையில் வில்லனைச் சபிக்கும்போது, "கல்யாணம் பண்ணிக்கிட்டேன், நல்லவன்தான்" என்றாள்.

இளவரசன் வேஷம் கட்டி ஒட்டு மீசையோடு குதிரை ஏறத் தெரியாமல் தடுமாறும்போது, "கொழந்த தங்கல" என்றாள்.

அன்றைக்குக் கூடாரம் சிரித்து ஓய அரைமணி நேரம் ஆனது. இவளைக் கோமளம்தான் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

படம் இந்த ஊர் வந்து சேர ஒரு வருஷம் ஆகும். அழுது முடித்து எழுந்துவிட்டவளுக்காக இங்கே ஒருத்தி புதிதாக அழுவாள். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

கடைசியாக வந்த படத்தில் அக்கா விஷம் குடித்துச் சாகிறாள். கண் செருகுவதற்கு முன்னால் உதடு அசைந்தது.

"மறுபடியும் மூணு மாசம். பயமா இருக்குடி. அடுத்த படத்துல சொல்றேன்."

அந்த அடுத்த படம்தான் இது.

ஒன்றரை வருஷம் காத்திருந்து, வேண்டாத தெய்வம் பாக்கியில்லாமல் வேண்டி, இன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். கோல்கார ஆளைக் காணோம். அவருக்கு இனி வேலை இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை அக்காவே பேசுகிறாள், ஊரே கேட்கிறது. அங்கே எப்படிச் சொந்தக் கதை பேசுவாள்?

அரண்மனை போனது. நந்தவனம் வந்தது. "சுவாமி" என்றாள். "என் உயிரே" என்றாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாதிப் படம் ஓடிவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பேச முடிகிறது, எனக்குச் சொல்ல முடியவில்லையா?

எழுந்துவிட்டாள்.

கோமளம் புடவையைப் பிடித்து இழுத்தாள். உதறினாள். உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே, மணலில் கால் புதைய, வாசலைப் பார்த்து நடந்தாள். மறைக்கிறது என்று எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கதாநாயகன் பாட ஆரம்பித்திருந்தான். திறந்த வாய் மூடவில்லை. ஜனங்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரை முழுக்க அக்காவின் முகம் வந்தது. பாட்டைக் கேட்டு மயங்கி நிற்க வேண்டிய முகம். முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

வெற்றிலை மெல்லுகிறவள் போல உதடு லேசாக அசைந்தது.

"எங்கடி எந்திரிச்சுப் போறே? உக்காரு. பொண்ணு பொறந்திருக்கு. இவன் லேசுல முடிக்க மாட்டான், எல்லாம் சொல்றேன்."

அவள் நின்ற இடத்திலேயே, யாரோ ஒருத்தியின் காலின்மேல், உட்கார்ந்தாள்.