மூளையில் சேர்ந்த இரும்பு

“ரத்தத்துல இரும்பு கம்மி, மூளையில ஜாஸ்தியா? ஒரே ஆளுக்கு அது எப்படி டாக்டர்?”

எஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை. மறதி என்று ஜெயராஜை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்திருந்தாள். அவரோ யாருக்கோ வந்த நோயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சங்கமித்ரா ஸ்கேனைத் திரையில் காட்டினார். “இந்தக் கறுப்பா தெரியற இடமெல்லாம் இரும்பு. வயசாக ஆக எல்லாருக்கும் மூளையில கொஞ்சம் சேரும். இவருக்கு வயசுக்கு மீறி சேர்ந்திருக்கு. ரத்தத்துல இருக்கறதை வச்சு மூளையில எவ்வளவுன்னு சொல்ல முடியாதும்மா. ரெண்டும் வேற வேற.”

“அய்யோ, நான்தான் ஆள் வெளுத்துப் போயிருக்காரேன்னு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்னு தினமும் கொடுத்தேன். அதெல்லாம் மேல ஏறிடுச்சா?”

“சாப்பாட்டால அப்படியெல்லாம் ஏறாது, பயப்படாதீங்க. மறதிக்கு இதுதான் காரணம்னும் இப்பவே சொல்ல முடியாது. ஆனா இரும்பு மாத்திரை எதுவும் நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. சரி, மறதி எப்ப ஆரம்பிச்சது?”

“தெரியலைங்க.”

“முன்னாடி எப்பவாவது தலையில அடிபட்டுதா?”

“தெரியலை.”

“அவங்க அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கடைசி காலத்துல இப்படி மறதி இருந்துதா?”

“அவங்க அம்மா கடைசியில எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஜெயராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவளை ஏன் மேடம் போட்டுக் குடையறீங்க? காலையில எழுந்ததுல இருந்து அவளுக்கு ஓயாத வேலை. எஸ்தர், எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம்.”

நர்ஸ் வந்து, பிரஷர் பார்க்க வேண்டும் என்று அவரைச் சமாதானப்படுத்தி வெளியே அழைத்துப் போனாள். போகும்போது எஸ்தர் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“உங்க மேல எவ்வளவு பிரியமா இருக்கார்!” என்றார் டாக்டர். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, நீங்க இப்படி எதுவுமே தெரியாதுன்னா எப்படிம்மா?”

எஸ்தர் சாத்தியிருந்த கதவையே பார்த்தாள். அவர் காதில் விழாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எங்களுக்கு டைவர்ஸ் ஆகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். போன மாசம் ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டு வர்றவர் மாதிரி நேரா உள்ளே வந்து, ஷூவைக் கழட்டி வச்சுட்டு, ‘காபி குடு எஸ்தர்’னு உட்கார்ந்துட்டார். நானும் காபி போட்டேன்.”