நான்காவது வாரமும் சிவப்பு

"இன்னிக்கும் சிவப்புதான் விழுந்துச்சு, ஆபீசரம்மா!" என்று சலித்துக்கொண்டே லாரியிலிருந்து இறங்கினார் லெஸ்டர்.

அமெரிக்காவின் வயோமிங் மாநில நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் அன்று ரோண்டா மட்டும்தான் பணியில் இருந்தாள். ஒழுங்காக ஓடும் லாரி என்றால், உள்ளே இருக்கும் சிறு கருவி சாவடிக்குச் சிக்னல் அனுப்பி, பச்சை காட்டி நிற்காமல் போகச் சொல்லிவிடும். அந்தச் சிக்னல் வராவிட்டால் சாலையோரம் சிவப்பு விளக்கு விழும்; லாரி நின்று சோதனை முடித்துத்தான் போக வேண்டும். இருபது வருடமாக ஒரு புகாரும் இல்லாத லெஸ்டருக்கு நாலு வாரமாகச் சிவப்பு.

"கருவி கெட்டுப்போச்சு போல. மாத்திடுங்க பெரியவரே. அப்புறம் இங்க நிக்கவே வேண்டாம்."

"அதுக்கென்ன அவசரம்? பிரேக்கைப் பாருங்க, டயரைப் பாருங்க. ஆறு நாளா ரேடியோதான் எங்கிட்ட பேசிட்டு வருது. போன வாரம் என் நாயோட கதையைப் பாதியில விட்டேனே..."

"எனக்கு வேலை கிடக்குங்க."

சீக்கிரம் அனுப்பிவிடும் எண்ணத்தில், தீயணைப்பு சிலிண்டரைப் பார்க்க ரோண்டா வண்டிக்குள் ஏறினாள். அதன் பின்னால் அலுமினியத் தாளில் நாலு சுற்றுச் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். கருவி! பளிச்சென்று பச்சை காட்டியது.

கண்ணாடி வழியே பார்த்தாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி, லெஸ்டர் முதல் டயரருகே காத்து நின்றிருந்தார்.

தாளைப் பழையபடி நாலு சுற்றுச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

"நாய்க்கு என்ன பேருன்னு சொன்னீங்க?" என்று கேட்டபடி டயரருகே குனிந்தாள்.